மீட்கப்பட்ட சிறுமி ஏன் காப்பகத்திலிருந்து ஓடுகிறாள்?

கொடுமையிலிருந்து மீட்கப்பட்டு காப்பகத்தில் சேர்க்கப்பட்ட 15, 16 வயதுச் சிறுமிகள் சுவரேறிக் குதித்துத் தப்பினார்கள் என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தால், சிலர் தங்களைச் சீரழித்தவனிடமே திரும்பிப் போயிருக்கிறார்கள். படிக்கிறவர்களுக்குத் தலை சுற்றுகிறது. "சாப்பாடு, படுக்கை, காவல் எல்லாம் கொடுத்தும் ஓடுகிறாள் என்றால், அவளுக்கே அந்த வாழ்க்கைதான் பிடித்திருக்கிறது" என்று பேச்சு கிளம்பிவிடுகிறது.

அந்தப் பேச்சு தவறு, அதனால் பெரிய தீங்கும் நடக்கிறது. ஏன் என்று விளங்க, ஆபத்து எப்படி உருவாகிறது, காப்பகத்துக்குள் என்ன நடக்கிறது, 18 வயது முடிந்ததும் என்ன ஆகிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் காப்பாற்றுவோம், சொந்தக் காலில் நிற்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டையும் தனித்தனி வேலையாக வைத்திருப்பதுதான் அடிப்படைக் கோளாறு என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

ஆபத்தில் இருப்பவள் என்று யாரைச் சொல்கிறோம்

1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின்படி, பொதுவாக 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். அந்த வயதுக்குள் இருக்கும் பெண்ணின் உடலுக்கோ, மனதுக்கோ, படிப்புக்கோ, எதிர்காலத்துக்கோ அவளைச் சுற்றியிருக்கும் நிலைமையால் கேடு வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தால், அவளை ஆபத்தில் இருப்பவள் என்கிறோம். "சுற்றியிருக்கும் நிலைமையால்" என்பதைக் கவனிக்க வேண்டும். "கெட்டுப்போகக்கூடிய பெண்" என்று அவளுடைய குணத்தைக் குறிக்கும் சொல்லாக இதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஆரம்பித்தால் அதற்குப் பிறகு செய்வதெல்லாம் தண்டனையாகத்தான் முடியும்.

வீட்டுக்குள் அடி உதை, பாலியல் அத்துமீறல், பெற்றோரின் மரணம் அல்லது போதைப் பழக்கம், பள்ளியிலிருந்து நிற்பது, சிறு வயதுத் திருமணம், தனியாக வேலைக்கு அனுப்பப்படுவது, இணையத்தில் யாரிடமாவது சிக்குவது என்று ஆபத்துகள் பல. இவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வருவதுதான் வழக்கம். வீட்டில் அடி தாங்காமல் வெளியேறுகிறவள் பள்ளியை இழக்கிறாள், பள்ளியோடு தோழிகளையும் ஆசிரியரையும் இழக்கிறாள், இரவில் தங்க இடம் தருகிறேன் என்று சொல்லும் முதல் ஆளை நம்ப வேண்டியதாகிறது.

யுனிசெஃப் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இன்று உயிரோடு இருக்கும் சிறுமிகளிலும் பெண்களிலும் 37 கோடிக்கும் மேற்பட்டோர் 18 வயதுக்கு முன்பே பாலியல் வல்லுறவுக்கோ தாக்குதலுக்கோ ஆளானவர்கள். எட்டில் ஒருவர். குழந்தைப் பருவப் பாலியல் வன்முறை 14 முதல் 17 வயதுக்குள் வெகுவாகக் கூடுகிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. அந்த வயதில் பெண்ணை ஊர் பெரியவளாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. பணமோ, ஆவணங்களோ, தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரமோ மட்டும் அவள் கையில் இன்னும் வந்திருக்காது.

பழகி வசப்படுத்துதல்

சுரண்டுகிறவன் பெரும்பாலும் கத்தியோடு வருவதில்லை, கரிசனத்தோடு வருகிறான். இதை க்ரூமிங் என்கிறார்கள். பழகி வசப்படுத்துதல் என்று சொல்லலாம். அது நடக்கும் விதம் கிட்டத்தட்ட எங்கும் ஒரே மாதிரிதான்:

1. வீட்டில் கவனிப்பு இல்லாத, ஏதோ ஒன்றுக்கு ஏங்குகிற பெண்ணைக் கண்டுகொள்கிறான்.
2. அந்த ஏக்கத்தைத் தீர்க்கிறான். அவள் பேசுவதைக் கேட்கிறான், அலைபேசி வாங்கித் தருகிறான், "உன்னைப் புரிந்துகொள்ள நான் இருக்கிறேன்" என்கிறான்.
3. மற்றவர்களிடமிருந்து மெல்லப் பிரிக்கிறான். தோழி பொறாமைக்காரி ஆகிறாள், அம்மா விரோதி ஆகிறாள்.
4. ரகசியம் ஒன்றை உண்டாக்குகிறான். அது ஒரு புகைப்படமாக இருக்கலாம், ஒரு கடனாக இருக்கலாம், வீட்டில் சொல்ல முடியாத ஓர் இரவாக இருக்கலாம்.
5. அந்த ரகசியத்தை வைத்து மிரட்டுகிறான். இடையிடையே பழைய அன்பையும் காட்டுகிறான்.

ஐந்தாம் கட்டத்தில் காவல்துறை வந்து கதவைத் தட்டும்போது, "நானாகத்தான் வந்தேன்" என்று அவள் சொல்வது இதனால்தான். 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. ஆட்கடத்தல் தடுப்பு நெறிமுறை இதை முன்பே யோசித்திருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவரைச் சுரண்டும் நோக்கத்தோடு சேர்த்துக்கொள்வதோ, கூட்டிச்செல்வதோ, தங்கவைப்பதோ ஆட்கடத்தல்தான். வற்புறுத்தலோ ஏமாற்றோ நடந்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை. அவள் ஒப்புக்கொண்டாள் என்பது அங்கே பதிலாகாது.

சட்டம் தெளிவாக இருந்தும் மனிதர்கள் தவறுவதற்குப் பெரிய உதாரணம் இங்கிலாந்தின் ராதரம் நகரம். 1997 முதல் 2013 வரை அங்கே, குறைத்து மதிப்பிட்டாலும் சுமார் 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று 2014-இல் பேராசிரியர் அலெக்சிஸ் ஜேயின் விசாரணை அறிக்கை சொன்னது. அவர்களில் 11 வயதுச் சிறுமிகளும் உண்டு. எச்சரிக்கைகள் பல முறை போயும், காவல்துறை அந்தச் சிறுமிகளில் பலரை அவமதிப்போடு நடத்தியது என்று அந்த அறிக்கை பதிவு செய்திருக்கிறது. "அவளாகத்தான் போகிறாள்" என்ற ஒரு நினைப்பு அத்தனை வருடம் எத்தனை பேரின் கண்ணை மறைத்திருக்கிறது என்று எண்ணினால் நெஞ்சு பதறுகிறது.

ஏன் ஓடுகிறாள், ஏன் திரும்பிப் போகிறாள்

முதல் காரணம், அவளுடைய தேவை. அன்போ பணமோ தங்குமிடமோ, ஏதோ ஒன்று அவனிடம் கிடைத்தது. காப்பகம் அவனைப் பிரித்துவிட்டது, ஆனால் அவன் நிரப்பிய இடத்தை எதைக்கொண்டும் நிரப்பவில்லை.

இரண்டாவது பயம். தங்கை வீட்டில்தான் இருக்கிறாள், புகைப்படம் அவனிடம்தான் இருக்கிறது. தான் உள்ளே பத்திரமாக இருக்க, வெளியே இருக்கிறவர்களுக்கு என்ன நடக்குமோ என்ற கவலை.

மூன்றாவது உடல். நெடுநாள் ஆபத்தில் வாழ்ந்தவரின் மூளை, அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று எந்நேரமும் காத்துக்கொண்டிருக்கப் பழகிவிடுகிறது. அமைதியான அறைக்கு வந்த உடனே அது அடங்கிவிடாது. தூக்கம் வராது, கதவுச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடும், சின்ன விஷயத்துக்கு வெடித்துக் கத்துவாள். அத்தோடு, பின்விளைவை எடைபோட்டுப் பார்க்க உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் வளர்ந்துகொண்டிருப்பது. இதைத் தெரியாதவர்கள் "திமிர்" என்று எழுதி வைப்பார்கள்.

நான்காவது காப்பகமே. இதைத்தான் நாம் பேசத் தயங்குகிறோம். ஒரு சிறுமி முதல் நாள் உள்ளே வருவதை நினைத்துப் பாருங்கள். அலைபேசி வாங்கி வைக்கப்படுகிறது. போட்டிருந்த உடை போய் வேறு உடை வருகிறது. காவலர் கேட்டதையே அதிகாரி கேட்கிறார், அதையே மருத்துவர் கேட்கிறார், அப்புறம் மனநல ஆலோசகரான கவுன்சிலர், அப்புறம் வார்டன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இரவு வெளிக்கதவு பூட்டப்படுகிறது. எத்தனை நாள் இங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால், "மேலிடத்தில் முடிவு செய்வார்கள்" என்கிறார்கள். எப்போது எழுவது, யாரோடு பேசுவது, எங்கே போவது எதையும் அவள் தீர்மானிப்பதில்லை. அவளை அடைத்து வைத்திருந்தவனும் இவற்றையெல்லாம் அவளுக்காகத் தீர்மானித்தவன்தான். ஊழியர்களின் நோக்கம் நல்லது என்பது நமக்குத் தெரியும். உள்ளே இருப்பவளுக்குத் தெரிவது பூட்டு மட்டும்தான்.

பாதுகாப்பு என்பதில் என்னென்ன அடங்கும்

அடிக்கிறவன் கைக்கு எட்டாத இடம் வேண்டும். அதில் சமரசம் கிடையாது. அதற்கு மேலும் மூன்று விஷயங்கள் வேண்டும்.

1. நாளை என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த விசாரணை என்று, அம்மா எப்போது வருவார் என்பதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல்லலாம். பொய்யாக ஒரு தேதி சொல்வதுதான் கூடாது.

2. சின்னச் சின்ன முடிவுகள் அவளிடம் இருக்க வேண்டும். எந்தக் கட்டில், ஆண் மருத்துவரா பெண் மருத்துவரா, இன்று பேசுவதா நாளை பேசுவதா என்பதிலிருந்து தொடங்கலாம். அலைபேசியை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தால், ஏன், எத்தனை நாளுக்கு, அதுவரை யாரை எப்படி அழைக்கலாம் என்று சேர்த்தே சொல்ல வேண்டும். முடிவெடுத்தே பழகாதவள் 18 வயது முடிந்த மறுநாள் திடீரென்று நல்ல முடிவெடுப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

3. மாறாத ஒரு மனிதர் வேண்டும். ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் நோய் என்று பல இடர்கள் ஒன்றாகச் சேர்ந்த குழந்தைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, அக்கறையுள்ள, நிலையான ஒரு பெரியவரோடு இருந்த உறவு. அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியோ ஆசிரியரோ அக்கம்பக்கத்துப் பெண்ணோ போதும்.

மூன்றாவது விஷயத்தில்தான் காப்பகங்கள் மிக மோசமாகத் தோற்கின்றன என்பது என் கருத்து. குறைந்த சம்பளம், ஒப்பந்த வேலை, ஒருவருக்கு அளவுக்கு மீறிய சுமை. ஆறு மாதத்துக்கு ஒரு கவுன்சிலர் மாறினால், ஒவ்வொரு முறையும் ஒருவரை நம்பி ஒருவரை இழக்கிறாள். புதிய கட்டடத்துக்கு நன்கொடை தர வரிசையில் நிற்கிறார்கள். ஒரு நல்ல ஊழியரை ஐந்து வருடம் தக்கவைக்கும் சம்பளத்துக்கு யாரும் முன்வருவதில்லை.

18 வயது முடியும் நாள்

சட்டப்படி குழந்தைப் பருவம் முடிகிறது, காப்பகமும் முடிகிறது. குடும்பத்தோடு வளரும் பிள்ளைகள் 18 வயதில் வீட்டைவிட்டு அனுப்பப்படுவதில்லை. வேலை போனால் திரும்பி வர ஓர் அறை இருக்கிறது. காய்ச்சல் என்றால் கூப்பிட ஓர் ஆள் இருக்கிறார். யாருமில்லாதவளைத்தான் எல்லோருக்கும் முன்பாக வெளியே அனுப்புகிறோம்.

காப்பகத்திலிருந்து வெளியேறிய பிறகு தரப்படும் ஆதரவுக்குப் பிற்காப்பு என்று பெயர். 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள், இதற்கான ஏற்பாடு குழந்தை வெளியேறும் நாளுக்கு வெகு முன்பே தொடங்க வேண்டும், முடிந்த இடங்களிலெல்லாம் அதற்கென்று ஒருவரை ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. நாடுகளும் மெல்ல நகர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம், 21 வயது வரை பராமரிப்பை நீட்டிக்கும் மாநிலங்களுக்கு மத்திய நிதி தர வழிசெய்தது. இங்கிலாந்தில் வளர்ப்புக் குடும்பத்தோடு 21 வயது வரை தொடர்ந்து வாழ 2014-இல் சட்ட ஏற்பாடு வந்தது. இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 18 முதல் 21 வரையிலானவர்களுக்குப் பிற்காப்பு உண்டு என்கிறது. விதிவிலக்கான சூழலில் மேலும் இரண்டு ஆண்டு நீட்டிக்க 2016-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. ஆனால் சட்டத்தில் இருப்பதை அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்ல வேண்டும். தனக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாமல் பையோடு வாசலில் நிற்கிறவர்கள் ஏராளம்.

நீட்டித்தால் பலன் உண்டா? அமெரிக்காவின் இல்லினாய், அயோவா, விஸ்கான்சின் மாநிலங்களில் பராமரிப்பிலிருந்து வெளியேறிய 700-க்கும் மேற்பட்ட இளைஞர்களை ஆய்வாளர் மார்க் கோர்ட்னி தலைமையிலான குழு 26 வயது வரை தொடர்ந்தது. 21 வயது வரை தங்க முடிந்த இல்லினாயில் கல்லூரி சேரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பராமரிப்பில் நீடித்த பெண்கள் பதின்பருவத்தில் கருத்தரிப்பதும் குறைவாக இருந்தது.

உள்ளே வளர்ந்தவள் வெளியே வந்த முதல் வாரத்தில் எதிலெல்லாம் தடுமாறுகிறாள் என்று பார்த்தால் பிற்காப்பின் தேவை புரியும். ஒரு சோப்பு எத்தனை நாள் வரும் என்று அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் அவள் ஒருபோதும் வாங்கியதில்லை. வங்கியில் படிவத்தை எடுத்தால் "தந்தை பெயர்" என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. "நிரந்தர முகவரி" என்ற கட்டத்தில் காப்பகத்தின் முகவரியை எழுதினால் கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்க்கிறார். வீடு வாடகைக்குக் கேட்டால் "கூட யார் இருக்கிறார்கள்?" என்ற கேள்வி. இந்த நேரம் பார்த்துப் பழைய எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வருகிறது, "எப்படி இருக்கிறாய்?" என்று.

தொழிற்பயிற்சி மட்டும் போதுமா

சொந்தக் காலில் நிற்பது என்றதும் தையல் இயந்திரம்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. தையல் நல்ல தொழில். ஆனால் எல்லாப் பெண்ணுக்கும் அதுவே என்று முடிவெடுப்பது, அவளுடைய விருப்பத்தையும் சந்தையையும் ஒன்றாகப் புறக்கணிப்பது. கற்ற தொழிலில் வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் நிற்குமா, வேலை முடிந்து பத்திரமாகத் திரும்ப முடியுமா என்பதை யாரும் கணக்குப் போடுவதில்லை.

ஆப்பிரிக்காவில் நடந்த இரண்டு ஆய்வுகள் இதில் வெளிச்சம் தருகின்றன. உகாண்டாவில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் பதின்வயதுப் பெண்களுக்கென்று மன்றங்கள் நடத்தியது. தொழிற்பயிற்சியும் உடல்நலம், உறவு, உரிமை பற்றிய அறிவும் அங்கே சேர்த்தே தரப்பட்டன. நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த ஊர்களில் வருமானம் ஈட்டும் பெண்கள் கூடியிருந்தார்கள், பதின்பருவக் கருத்தரிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, விருப்பமில்லாத உறவுக்கு உட்படுத்தப்பட்டதாகச் சொன்னவர்களின் விகிதமும் கிட்டத்தட்ட அதே அளவு சரிந்திருந்தது. கையில் காசும், "வேண்டாம்" என்று சொல்லும் துணிவும் ஒன்றாகக் கிடைத்திருக்கின்றன.

மலாவியின் சோம்பா மாவட்டத்தில் பதின்வயதுப் பெண்களின் குடும்பங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பணம் தரப்பட்டது. ஒரு பிரிவுக்குப் பள்ளிக்கு வந்தால்தான் பணம், இன்னொரு பிரிவுக்கு நிபந்தனையே இல்லை. நிபந்தனையற்ற பணம் சிறு வயதுத் திருமணத்தையும் கருத்தரிப்பையும் நன்றாகக் குறைத்தது. ஆனால் பணம் நின்றதும் அந்தப் பலனும் கரைந்துவிட்டது. ஏற்கெனவே பள்ளியை விட்டு நின்று, நிபந்தனையோடு பணம் பெற்றுப் பள்ளிக்குத் திரும்பியவர்களிடம்தான் பலன் நிலைத்தது. பணம் அவசரத்துக்கு உயிர் காக்கிறது. அது நின்ற பிறகும் அவளோடு இருக்கப்போவது படிப்பு.

வெளியே அனுப்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

1. பிறப்புச் சான்று, அடையாள அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், மருத்துவக் குறிப்புகள். அசல் அவளிடம், நகல் நம்பகமான இன்னொருவரிடம்.
2. அவள் பெயரில் வங்கிக் கணக்கு. அதை அவளே சில மாதங்களாவது இயக்கியிருக்க வேண்டும்.
3. குறைந்தது ஓராண்டுக்கு உறுதியான தங்குமிடம். இது இல்லாமல் வேலையும் நிற்காது, படிப்பும் நிற்காது.
4. இரவு எந்த நேரமும் அழைக்கக்கூடிய இரண்டு எண்கள்.
5. வேலை போனாலோ ஏதாவது தவறினாலோ திரும்பி வர அனுமதி. "ஒருமுறை போனால் போனதுதான்" என்ற விதி, அவளைப் பழைய ஆளிடம் கொண்டுபோய் விடும் விதி.

"வீட்டுக்கே அனுப்பிவிடலாமே?" என்ற கேள்வி எப்போதும் வரும். வீடு பாதுகாப்பானது என்றால் அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஆபத்து வீட்டிலிருந்தே வந்திருந்தால், அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்பதை மட்டும் வைத்து அனுப்பிவிட முடியாது. அடித்தவர் இன்னும் அங்கேயே இருக்கிறாரா, திருமணப் பேச்சு நின்றுவிட்டதா, பள்ளியில் மறுபடி சேர்ப்பார்களா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அனுப்பிய பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சிறுமியைத் தனியாக அழைத்துப் பேசாத வீட்டு விசாரணையால் எந்தப் பயனும் இல்லை.

ஒரு சிறுமி உங்களிடம் சொன்னால்

முதல் முறை முழுவதையும் சொல்லமாட்டாள். ஒரு துணுக்கைச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அதிர்ச்சியைக் காட்டாமல் கேளுங்கள். "நீ சொல்வதை நம்புகிறேன், இது உன் தவறில்லை" என்பதைச் சொல்லிவிடுங்கள். "ஏன் அங்கே போனாய், ஏன் முதலிலேயே சொல்லவில்லை" என்று குடைய வேண்டாம். விசாரிப்பது அதற்கென்று பயிற்சி பெற்றவர்களின் வேலை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் சொல்லத்தான் போகிறீர்கள். யாரிடம், எதற்காகச் சொல்லப்போகிறீர்கள் என்பதை அவளிடம் முதலில் விளக்குங்கள். சம்பந்தப்பட்ட ஆளிடம் நேராகப் போய்ச் சண்டை போடுவது கூடவே கூடாது. அன்றிரவு அதன் விலையைக் கொடுப்பவள் அவளாக இருப்பாள்.

இந்தியாவில் 1098, இலங்கையில் 1929 ஆகியவை குழந்தைகளுக்கான உதவி எண்கள். சிறுமி நேரடியாகவும் அழைக்கலாம், அவளுக்காக நீங்களும் அழைக்கலாம். அழைத்ததோடு விட்டுவிடாமல், அவள் எங்கே கொண்டுபோகப்பட்டாள், அவளைச் சந்திக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். வழக்கு மாதக்கணக்கில் இழுக்கும், சில சமயம் வருடக்கணக்கிலும். சாட்சி சொல்லும் நாளன்று நீதிமன்ற வராந்தாவில் அவள் பக்கத்தில் உட்கார, அவளுக்கு முன்பே தெரிந்த ஒருவர் தேவைப்படுவார்.